இடம் மாறிய மஞ்சள் மூடி

போன ஞாயிற்றுக்கிழமை சின்ன அறையில் நடந்த சண்டையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பேசாததாலேயே அது ஆறவும் இல்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு டம்ளர் டீயின் அடிமண்டி. பெயிண்டரின் அக்கா அதைக் கொண்டுபோய்ச் செடித் தொட்டியில் ஊற்றினாள். பெயிண்டரின் மனைவி பார்த்துவிட்டாள்.

தெருவில் அவளுக்குச் செடிக்காரி என்று பெயர். வீட்டுக்குள் வளரும் இலைச் செடிகளைத் தொட்டியோடு கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாடகைக்குக் கொடுப்பாள். வாரம் ஒருமுறை போய் இலை துடைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். அதுதான் தொழில்.

ஒரு மாதமாக வீடு முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்பு ஈ. எள்ளுக்கு இறக்கை முளைத்த மாதிரி. சாப்பிட வாயைத் திறந்தால் கவளத்துக்கு முன்னால் அது உள்ளே போய்விடும். இந்த நேரம் பார்த்துத்தான் பல் டாக்டரம்மா எட்டுத் தொட்டி கேட்டிருந்தாள். "வாயைத் தொறந்துக்கிட்டு ஒக்கார்ற எடம் இது. ஒரே ஒரு ஈ பறந்தாலும் அத்தனையையும் திருப்பி அனுப்பிடுவேன்" என்றும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தக் கவலையில் இருந்தவள் கண்ணில் டீத்தூள் பட்டால் என்ன ஆகும்?

"என் பொழப்புல மண்ணைப் போடறீங்களே அண்ணி!"

"மண்ணு எங்கம்மா போட்டேன்? டீத்தூள்தானே போட்டேன்."

அக்கா விளையாட்டாகத்தான் சொன்னாள். செடிக்காரி சிரிக்கவில்லை. வார்த்தை வளர்ந்தது. கடைசியில் அக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள். "ஈ என் பக்கத்துலேருந்துதான் வருதுன்னா சொல்லிடு. துணியைக் கட்டிக்கிட்டுப் பொம்பளைங்க விடுதிக்குப் போயிடறேன். யாருக்கும் பாரமா இருந்து எனக்குப் பழக்கமில்ல."

"எண்ணிப் பார்த்துட்டே சொல்றேன்" என்றாள் செடிக்காரி.

எண்ணிப் பார்ப்பதற்காகத்தான் பொறி வைத்தார்கள்.

பொறி செய்தது பெயிண்டர். பெயிண்ட் வாளியின் மூடிகளை எடுத்து, மிச்சமிருந்த மஞ்சளை இரண்டு கை அடித்து, காய்ந்ததும் வழியாத அளவுக்கு விளக்கெண்ணெய் தடவினான். இளந்தளிர் என்று ஏமாந்து ஈ வந்து உட்காரும். உட்கார்ந்தால் எழுந்திருக்காது. கூடவே ஒரு கண்ணாடி டம்ளரில் வினிகர், கொஞ்சம் சர்க்கரை, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவுகிற சோப்பு. வாசனைக்கு வந்து இறங்கும் ஈ, சோப்புத் தண்ணீர் தாங்காமல் முழுகிவிடும்.

ஹாலில் இருந்த எட்டுப் பெரிய தொட்டிகளுக்கு நடுவில் ஒரு மூடி, ஒரு டம்ளர். சின்ன அறையில், அக்காவின் கட்டிலை ஒட்டி இருந்த எட்டுத் தொட்டிகளுக்கு நடுவில் ஒரு மூடி, ஒரு டம்ளர். இடையில் கதவைச் சாத்தியே வைத்தார்கள். ஒரு வாரம் கெடு; அதுவரை இலை மறைவில் இருக்கும் மூடியை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று பேச்சு. எந்தப் பக்கம் ஈ அதிகமோ அங்கேதான் மண்ணில் புழு இருக்கிறது. எந்தப் பக்கம் குறைவோ அந்த எட்டும் பல் ஆஸ்பத்திரிக்கு.

"நாம யாரையும் சொல்ல வேணாம். மூடி சொல்லட்டும்" என்றாள் செடிக்காரி.

மூடி யாரைச் சொல்லப்போகிறது என்று பெயிண்டருக்கு முதல் நாளே தெரியும்.

ஹாலில் இருந்த எட்டுத் தொட்டிக்கும் மண் நிரப்பியவன் அவன். இரண்டு மாதத்துக்கு முன்பு செடிக்காரி தன் அம்மாவைப் பார்க்க ஊருக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனாள். "எரு மண் மூட்டை மழையில நனைஞ்சு ஊறிக் கெடக்கு. மொட்டை மாடியில பரப்பி மூணு நாள் வெயில் காட்டிட்டு அப்புறம் நெரப்புங்க. ஈர எருவுல பூச்சி முட்டை இருக்கும்."

அன்று அவன் ஒரு பள்ளிக்கூடத்தின் சுவரை நாள் முழுக்கச் சுரண்டிவிட்டு வந்திருந்தான். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏற வேண்டும். பரப்ப வேண்டும். கிளறிவிட வேண்டும். மறுபடி அள்ளிக்கொண்டு இறங்க வேண்டும். நினைக்கும்போதே மூச்சு வாங்கியது. மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து, நனைந்த மண்ணை அப்படியே அள்ளி நிரப்பிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

ஊரிலிருந்து வந்தவள் கேட்டாள். "காயவெச்சீங்களா?"

"வெச்சேன்."

ஒரே ஒரு சொல். ஈரச் சுவரில் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச நாள் பளபளவென்று இருக்கும். பிறகு உப்பிக்கொண்டு உரிந்து வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற இருவருக்கும் முன்பே எழுந்தான். ஹால் மூடியைப் பார்த்தான். மஞ்சள் மேல் எங்கே பார்த்தாலும் கறுப்புப் புள்ளி. சின்ன அறைக் கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தான். அங்கே மூடி கழுவி வைத்தது போலக் கிடந்தது. அங்கொன்று இங்கொன்றாக எட்டோ ஒன்பதோ ஈ.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று வீங்கிய கால்கள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முன்பு அவன் சாரத்திலிருந்து விழுந்து ஆறு வாரம் படுத்திருந்தபோது, அவன் காலைத் தன் மடியில் வைத்து மருந்து தடவியவள். வாடகை அறையை இடித்துவிட்டார்கள் என்று அவள் எட்டு மாதத்துக்கு முன்பு வந்து நின்றபோது, "இது உன் வீடுக்கா" என்று சொன்னவனும் இவனேதான்.

சொல்லிவிடலாமா என்று நினைத்தான். சொன்னால் செடிக்காரி முகம் எப்படி மாறும் என்றும் நினைத்தான். பூச்சியைக்கூட அவள் மன்னித்துவிடுவாள். "வெச்சேன்" என்ற அந்தச் சொல்லை மன்னிக்க மாட்டாள்.

அக்கா கோபத்தில் சொன்னதுதானே? நிஜமாகவா போய்விடுவாள்? ஒரு வாரம் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் சரியாகிவிடும்.

இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஹால் மூடியைக் கொண்டுபோய்ச் சின்ன அறையில் வைத்தான். சின்ன அறை மூடியை ஹாலில் வைத்தான். டம்ளர்களையும் மாற்றினான். அவசரத்தில் கொஞ்சம் வினிகர் சட்டையில் தெறித்தது.

எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து இரண்டு மூடிகளையும் வைத்தார்கள்.

"என் பக்கத்தை நானே எண்றேன்" என்றாள் அக்கா. "அப்புறம் கள்ளக் கணக்குன்னு பேச்சு வரக் கூடாது."

பெயிண்டர் தண்ணீர் குடிக்கப் போனான்.

அக்கா பல்குச்சியை வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணினாள். முதலில் சிரிப்பும் கேலியுமாகத்தான் இருந்தது. "ஒண்ணு, ரெண்டு... இவரு பெரிய மனுஷன், தொப்பையைப் பாரு. இவரை ரெண்டா எண்ணிக்கலாமா? இதுங்க ரெண்டும் புருஷன் பெண்டாட்டி போல இருக்கு, செத்தும் பிரியல."

செடிக்காரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இருபது தாண்டியதும் கேலி நின்றது. நாற்பதில் குரல் இறங்கியது. அறுபதுக்கு மேல் உதடு மட்டும் அசைந்தது.

"எழுபத்தி நாலு" என்றாள்.

செடிக்காரி தன் பக்கத்து மூடியை நகர்த்தினாள். அதை எண்ணப் பல்குச்சி தேவைப்படவில்லை. "ஒம்பது."

அக்காதான் முதலில் பேசினாள்.

"அப்ப நான்தாம்மா."

"விடுங்க அண்ணி."

"இல்ல, கேளு. அன்னிக்கு நான் பெரிய இவளாட்டம் பேசினேன். நீ வேணாம்னு சொன்னதுக்கு அப்புறமும் ரெண்டு தரம் ஊத்தினேன். 'இவ என்ன எனக்குச் சொல்றது'ன்னு ஒரு வீம்பு. டீத்தூள்ல என்ன வந்துடப்போகுதுன்னு நெஜமாவே நெனச்சேன். கண்ணெதிர்ல எழுபத்தி நாலு கெடக்கு." பல்குச்சியை இரண்டாக ஒடித்தாள். "டேய் தம்பி, நீயாவது அன்னிக்கு எனக்கு ஒரு அதட்டல் போட்டிருக்கலாம்ல? அக்கான்னு பார்த்து வாயை மூடிட்டிருந்தே பாரு."

தம்பியின் வாய் இன்றும் மூடித்தான் இருந்தது.

செடிக்காரி எழுந்து அவன் பக்கத்தில் வந்தாள். "என்னங்க, உங்க சட்டையில வினிகர் வாடை?"

"டம்ளரை எடுத்தேன்ல... அப்ப தெறிச்சிருக்கும்."

"வண்டிக்குச் சொல்லுங்க. ஹால் செடி எட்டும் இன்னிக்கே போகட்டும். நாளைக்குக் காலையில டாக்டரம்மா வரும்போது எல்லாம் எடத்துல இருக்கணும்."

அவன் வண்டிக்குச் சொன்னான்.

பல் ஆஸ்பத்திரிக்கு ஞாயிறு விடுமுறை. காவல்காரர் கதவைத் திறந்துவிட்டு, "நான் வாசல்ல இருக்கேன், முடிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று போய்விட்டார். வெள்ளைச் சுவர். வரிசையாக நாற்காலிகள். சுவரில் ஒரு பெரிய பல்லின் படம். அதன் சிரிப்பு பெயிண்டரைப் பார்த்துத்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

எட்டுத் தொட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தான். செடிக்காரி ஈரத் துணியால் இலை துடைத்துக்கொண்டே வந்தாள். எவ்வளவோ நாளைக்கு அப்புறம் அவள் வாயில் ஒரு பாட்டு முணுமுணுப்பு.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. அன்னிக்கு உங்க அக்காவை அப்படிப் பேசினது மனசை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. வயசுல பெரியவங்க. வேற போக்கிடம் இல்லாம வந்திருக்காங்க. நாம தப்பா சொல்லிட்டோமோ, தப்பா சொல்லிட்டோமோன்னு."

"ம்."

"காலையில எண்ணி முடிச்சதும்தான் மூச்சு வந்துச்சு. அவங்க முகத்தைப் பார்க்கப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா பொய்ப் பழி போடலையே நான். அந்த மட்டும் நிம்மதி."

அவள் சொல்லிக்கொண்டே மூலைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள். மண்ணிலிருந்து ஒரு ஈ எழும்பியது.

"வழியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்" என்றாள்.

இன்னொன்று எழும்பியது. அது நேராகப் போய் வெள்ளைச் சுவரில் உட்கார்ந்தது. வெள்ளையில் அது நன்றாகவே தெரிந்தது.

செடிக்காரி பையிலிருந்து ஒரு மஞ்சள் மூடியை எடுத்தாள். மிச்சமிருந்ததை, எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டு வந்திருந்தாள். எண்ணெய் தடவித் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தாள். "ஒண்ணு ரெண்டு இருந்தா இதுலயே ஒட்டிக்கும். கவலைப்படாதீங்க."

அவள் அவனுக்குத் தைரியம் சொன்னாள். அவனுக்கு!

கடைசித் தொட்டியின் இலைகளைத் துடைக்க அவள் போனாள். அவன் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்று வந்து ஒட்டியது. கால்களை உதைத்துக்கொண்டு அடங்கியது. அடுத்தது வந்தது. மூன்றாவது. நாளைக்குக் காலையில் இந்த நாற்காலிகளில் ஆட்கள் வந்து உட்காருவார்கள். டாக்டரம்மா வருவாள். அவள் செடிக்காரியை என்ன சொல்வாள்? செடிக்காரி வீட்டுக்கு வந்து யாரைச் சொல்வாள்? "உங்க அக்கா கைபட்டது இதுலயும் பரவிடுச்சு" என்றுதான். அப்போது அக்கா அதையும் நம்பி, அதற்கும் மன்னிப்புக் கேட்பாள்.

"வண்டிக்காரரை நிறுத்தி வை" என்றான்.

"ஏன்?"

"இதுங்க திரும்பி வரணும்."

"ரெண்டு ஈக்கா?"

"மூடியை நான் மாத்தி வெச்சேன்."

செடிக்காரிக்குப் புரியவில்லை. "எந்த மூடியை?"

"காலையில. நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி. ஹால் மூடியை அக்கா அறையில வெச்சேன். அங்க இருந்ததை ஹால்ல வெச்சேன். அந்த எழுபத்தி நாலும் இந்தத் தொட்டியோடது."

அவள் கையிலிருந்த துணியை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள்.

"எதுக்கு?"

"மண்ணைக் காயவெக்கல."

"வெச்சேன்னீங்களே."

"சொன்னேன்."

"நான் கேட்டேன். நீங்க என் முகத்தைப் பார்த்து வெச்சேன்னீங்க."

"அலுப்பா இருந்துச்சு. அன்னிக்கு என்னால முடியல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"முடியலன்னு சொல்லியிருந்தா நான் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா? உங்க அக்கா ஒரு கை பிடிச்சிருக்க மாட்டாங்களா?" குரல் தாழ்ந்தே இருந்தது. "ஒரு வாரம் தூங்காம கெடந்தேன். காலையிலதான் நிம்மதின்னு சொன்னேன். உங்க பொய்யை என் வாயால சொல்ல வெச்சுட்டு, அதுல என்னை நிம்மதியாவும் இருக்க விட்டீங்களே."



அவள் எழுந்தாள். தொழில்காரி. முந்தானையைச் செருகிக்கொண்டாள். "தூக்குங்க. சின்ன அறை எட்டும் சுத்தம்தானே? அதைக் கொண்டுவந்து வெச்சிடலாம். ஆனா அண்ணிகிட்ட நீங்கதான் சொல்லணும். வண்டியை விட்டு எறங்கினதும் சொல்லணும். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

எட்டுத் தொட்டிகளும் மறுபடி வண்டியில் ஏறின. வண்டிக்காரர், "என்னங்க, பல்லு நல்லா இருக்குன்னு டாக்டரு திருப்பி அனுப்பிட்டாரா?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரிக்காததைப் பார்த்து வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுப் படியில் கால் வைத்ததுமே பெயிண்டருக்கு ஒரு வாசனை வந்தது. கீரை அவித்த வாசனை.

கதவு திறந்திருந்தது. கதவுக்குப் பக்கத்தில் அக்காவின் பை, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தது. உள்ளே சின்ன அறையின் ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வழிந்தது. அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கையில் பெரிய பாத்திரத்தோடு நின்றாள். முகமெல்லாம் வியர்வை.

"வந்துட்டீங்களா? நல்ல நேரம். இப்பதான் முடிச்சேன்" என்றாள். "போறதுக்கு முன்னால, நான் செஞ்சதை நானே சரி பண்ணிடணும்ல? எங்க சலவைக்கூடத்துல பூச்சி அப்பின போர்வை வந்தா வேற மருந்தே கெடையாது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர்தான். ஒண்ணு மிஞ்சாது. எட்டுத் தொட்டிக்கும் ரெண்டு ரெண்டு தரம் ஊத்திட்டேன்மா. இனிமே உனக்கு ஈத் தொல்லை இருக்காது."

எட்டுச் செடிகளும் தலை தொங்கிக் கிடந்தன. இலைகள் பச்சை மாறிக் கருத்திருந்தன. மண்ணிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

செடிக்காரி கிட்டப் போய் ஒரு இலையைத் தொட்டாள். அது அவள் விரலோடு வந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"அக்கா" என்றான்.

"என்னடா? சுட்டுக்கல, பயப்படாதே. பதினெட்டு வருஷமா வெந்நீரோட மாரடிக்கிறவ நான்."

"அந்த மண்ணுல ஒண்ணுமே இல்லக்கா."

"இருந்துச்சேடா. நானே எண்ணினேனே. எழுபத்தி நாலு."

"அது ஹால் மூடி. நான்தான் மாத்தி வெச்சேன். ஹால் தொட்டிக்கு மண்ணைக் காயவெக்காம நெரப்பினதும் நான்தான். ஈ வந்தது என்னால. உன் டீத்தூளால இல்ல."

அக்கா அவனையே பார்த்தாள். அவள் கையிலிருந்த பாத்திரத்தின் அடியில் மிச்சமிருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவள் காலடியில் விழுந்தது. தம்பியை ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தான். ஏன்டா என்று கேட்பாள். இல்லையென்றால் ஒரு அறை விடுவாள். இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றான்.

அவள் செடிகளைத்தான் பார்த்தாள்.

"அப்ப இதுங்க ஒண்ணுமே பண்ணலையா?" என்றாள்.



பாத்திரத்தைக் கீழே வைத்தாள். வீங்கிய காலை மடக்க முடியாமல் மடக்கித் தரையில் உட்கார்ந்தாள். முதல் தொட்டியின் மண்ணுக்குள் விரலை விட்டாள். சுட்டது. எடுத்து ஊதிவிட்டு மறுபடி விட்டாள். "வேர்ல உசுரு இருக்கான்னு பாரும்மா. அடி வேர் வரைக்கும் எறங்கியிருக்காது. பாரேன்."

செடிக்காரி அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "மெதுவா அண்ணி. நடுத் தண்டைத் தொடாதீங்க. ஓரமா கிளறுங்க."

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் ஓரமா."

இரண்டு முதுகுகள் பெயிண்டருக்குத் தெரிந்தன. அவனை வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். எட்டுத் தொட்டிகளை இறக்க வேண்டும். விடிந்தால் டாக்டரம்மாவின் வெள்ளை அறையில் வைக்க ஒரு செடிகூட இல்லை.

படியிறங்கப் போனவன் கதவருகில் நின்றான். கயிறு கட்டிய பை காலில் இடித்தது. அதை எடுத்து உள்ளே வைக்கலாம் என்று குனிந்தான். கை கயிற்றைத் தொட்டது.

"அதை அங்கயே வைடா" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.